ஊர்வலத்தின் தலை

கயிறு இழுக்கும் போட்டியில் ஜெயிக்கிறவர்கள் பின்னால் போவார்கள், தோற்கிறவர்கள் முன்னால் வருவார்கள். முன்னேறிக்கொண்டே தோற்பது அலுவலகங்களில் சகஜம்தான் என்றாலும் விளையாட்டில் கொஞ்சம் அபூர்வம். இதை முதலிலேயே சொல்லி வைப்பது நல்லது. பிற்பாடு நடந்த அத்தனை கூத்துக்கும் இதுதான் காரணம்.

பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்துப் பெண்கள் எட்டுப் பேர், அந்த ஞாயிற்றுக்கிழமை அப்படிப் பின்னாலேயே போய் நகரக் கோப்பையைத் தட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். பதினோரு வருஷமாக அந்தக் கோப்பை நகராட்சி அலுவலக அணியின் இடுப்பை விட்டு இறங்கியதில்லை.

எட்டுப் பேரில், கயிற்றின் நுனியைத் தோளில் சுற்றிக்கொண்டு கடைசியில் நிற்பவளுக்குக் கடைசிப்பிடி என்றே பேர் நிலைத்துவிட்டது. நாற்பத்திரண்டு வயசு. சலவை இயந்திரத்துக்குள் நூறு படுக்கை விரிப்புகள் ஈரத்தோடு முறுக்கிக்கொண்டு வடம் மாதிரித் திரண்டு கிடக்கும். ஒரு காலை இயந்திரத்தின் விளிம்பில் ஊன்றி, அதை உருவி எடுப்பது அவள் வேலை. பதினாறு வருஷம் உருவியவளுக்கு எட்டு குமாஸ்தாக்கள் எம்மாத்திரம்?

அவர்கள் தோற்றதற்கு உள்வீட்டுக் காரணமும் ஒன்று உண்டு. அந்த அணியின் தலைவரான அனுமதிப் பிரிவு அலுவலருக்கு இந்த வருஷம் பதவி உயர்வு. உயர்ந்தவர், அணியையும் பதவி வரிசையில் அடுக்கினார். கடைசி இடம்தான் கௌரவமான இடம் என்று யாரோ காதில் போட்டிருக்கிறார்கள். பதினோரு வருஷமாக அங்கே நின்ற வாயிற்காவலரை, நகர்த்துவதற்குத் தனியாக ஆள் பிடிக்க வேண்டிய அந்த உடம்பை, நடுவில் தள்ளிவிட்டுத் தான் போய் நின்றார். கண்ணாடியோடு சேர்த்து ஐம்பத்தெட்டு கிலோ. முடிவில் மற்ற ஏழு பேரும் கயிற்றை விட்டுவிட்டார்கள். அவர் மட்டும் விடவில்லை. மன உறுதி என்று சொல்ல வழியில்லை, கயிறு தோளைச் சுற்றியிருந்தது. சேற்றில் வயிற்றாலேயே இருபது அடி வந்து, கடைசிப்பிடியின் காலடியில் நின்று, தலையைத் தூக்கி, "ஆட்சேபணை" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

அன்று சாயங்காலமே கடைசிப்பிடி கோப்பையைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள். கடைத்தெருவில் இரண்டாம் மாடி. மாமியாரும் அதே சலவைக்கூடத்தில் முப்பது வருஷம் உழைத்தவர். பெண்கள் அணியைத் தொடங்கியதே அவர்தான். மற்ற வீடுகளில் மாமியார் மருமகளிடம் பீரோ சாவியைக் கொடுப்பார். இந்த வீட்டில் கொடுத்தது கயிற்று நுனியை. முட்டி போனதிலிருந்து ஒன்றரை வருஷமாக அவர் மாடிப்படி இறங்கவில்லை. ஜன்னலோர நாற்காலிதான் ஊரும் உலகமும்.

"இந்தாங்க அத்தை, பாருங்க!" என்று கோப்பையை அவர் மடியில் வைத்தாள்.

மாமியார் கோப்பையைப் பார்க்கவில்லை. பையைப் பார்த்தார். "இதுலயா கொண்டு வந்தே?"

"ஆமா அத்தை."

"பையில போட்டுக் கொண்டு வந்தா ஜெயிச்ச மாதிரியா இருக்கு? எங்கயோ சுட்டுட்டு வந்த மாதிரி இருக்கு."

"வேற எப்படிக் கொண்டு வரணும்கறீங்க?"

"வருஷாவருஷம் அந்த உட்பிரிவு இந்தத் தெருவுல கோப்பையோட ஊர்வலம் வருவான். நம்ம ஜன்னலுக்கு நேரா வந்ததும் நிமிந்து பாத்துக் கையாட்டுவான். எனக்கு! பதினோரு தடவ. இந்த வருஷம் கோப்பை கீழ ஊர்வலமாப் போகணும். நான் மேலேர்ந்து அவனுக்குக் கையாட்டணும். அவன் பாக்கணும். அவ்வளவுதான், பெருசா ஒண்ணும் கேக்கல."

உட்பிரிவு என்பது அந்த அலுவலருக்குச் சலவைக்கூடம் வைத்த பேர். என்ன கேட்டாலும் விதி இத்தனை, உட்பிரிவு இன்னது என்றுதான் வாயைத் திறப்பார். வீட்டில் துண்டு கேட்பதும் அப்படித்தான் என்று பேச்சு.

"அதுக்கென்ன அத்தை, பண்ணிட்டாப் போச்சு" என்று கடைசிப்பிடி வாக்குக் கொடுத்துவிட்டாள். கோப்பை சனிக்கிழமை காலையில் விளையாட்டுச் சங்கத்துக்குப் போய்விடும். பேரைப் பொறித்துக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டினால் அடுத்த வருஷம்தான் வெளியே வரும். இடையில் ஐந்தே நாள். தெருவில் நடக்க அனுமதி வேண்டும் என்பதே அவளுக்குத் திங்கட்கிழமைதான் தெரிந்தது.

படிவம் ஒன்பது. மூன்று நகல். மதியச் சாப்பாட்டு நேரத்தில், இஸ்திரி மேசை மேல் பரப்பி எட்டுப் பேரும் சுற்றி நின்று நிரப்பினார்கள். கயிற்றில் முதல் ஆளாக நிற்கும் இஸ்திரிக்காரி வாசித்தாள். அவள் வாய்க்கு நீராவிப் பெட்டியே தோற்கும்.

"நேரா நடந்து போகக் கூடாதுக்கா. பாக்கறவங்க தோத்துட்டோம்னு நெனச்சுக்குவாங்க. கயித்தைப் பிடிச்சுக்கிட்டு, ஜெயிச்ச மாதிரியே பின்னாலதான் போகணும்."

"பின்ன? வேற எப்படிப் போவாங்க?" என்றார்கள் மற்றவர்கள்.

"ஊர்வலத்தின் தலைன்னு போட்டிருக்கு."

"கடைசிப்பிடி அக்கா."

"வால்?"

"நீதான்டி. அதுக்கு ஒரு கேள்வியா?"

எட்டுப் பேரில் ஒருத்திக்கும் இதில் சந்தேகமே வரவில்லை. கிளம்பினால் கடைசி ஆள்தானே முதலில் போவாள்?

செவ்வாய்க்கிழமை அலுவலர் தம் அறையில் அந்தப் படிவத்தை ஆள்காட்டி விரலால் தொட்டும் தொடாமலும் நகர்த்திப் படித்தார். மேசையில் மூன்று நிறத்தில் மூன்று பேனா. தாடையில் ஒரு பிளாஸ்திரி.

"இருபத்தொரு நாள்களுக்கு முன்னரே விண்ணப்பித்திருக்க வேண்டும். விதி ஆறு, உட்பிரிவு அ."

"ஜெயிச்சதே முந்தாநேத்துதானுங்க ஐயா."

"வெற்றி பெறும் எண்ணம் இருந்திருந்தால் முன்கூட்டியே விண்ணப்பித்திருக்கலாமே?"

"எண்ணமெல்லாம் இருந்துச்சுங்க. முன்னாடியே சொன்னா உங்க மனசு சங்கடப்படுமேன்னுதான்."

பிளாஸ்திரி ஒரு தடவை துடித்தது.

"நீங்க வருஷாவருஷம் கோப்பையோட போனீங்களே ஐயா, அதுக்கு அனுமதி?"

"அது ஊர்வலம் அன்று. சாலைக் குழிகள் குறித்த கள ஆய்வு. அலுவலர் முன்னிலையில் நடைபெறும் ஆய்வு எதுவும் ஊர்வலமாகக் கருதப்படாது. விதி மூன்று, உட்பிரிவு இ. கோப்பை ஜீப்பின் மேல் தற்செயலாக இருந்தது."

பதினோரு வருஷம் ஆய்வு நடந்திருக்கிறது. குழிகள் அப்படியே இருக்கின்றன. ஒன்றிரண்டு வளர்ந்தும் இருக்கின்றன.

"இருபத்தொரு நாள்களை நான் குறைக்கலாம், அதற்கும் இடமுண்டு" என்றார் அலுவலர், கருணை பொங்க. "ஆனால் விண்ணப்பத்தில் ஐயம் ஏதும் இருக்கக் கூடாது." சிவப்புப் பேனாவை எடுத்தார். "ஊர்வலத்தின் தலை யார்?"

"நாந்தாங்க."

"நீங்கள் வரிசையில் கடைசி ஆள் அல்லவா?"

"ஆமாங்க."

"கடைசி ஆள் எப்படி முதல் ஆள் ஆவார்?"

"ஜெயிச்சா ஆவாருங்க" என்றாள் கடைசிப்பிடி பணிவாக. "தோத்தா ஆக மாட்டாரு. கடைசியாத்தான் வந்து சேருவாரு. நீங்களே பாத்தீங்களே."

அலுவலர் எழுந்து நின்றுவிட்டார். ஆனால் அவர் முகத்தில் கோபம் இல்லை, பரவசம்.

"ஐயம்! வரிசையில் ஐயம்! விதி பதினேழு. தலை எது வால் எது என்று தெளிவில்லாத ஊர்வலத்துக்குக் கூட்டுக் கள ஆய்வு நடத்தியே முடிவு சொல்ல வேண்டும். காவல், தீயணைப்பு, மின்சாரம், குடிநீர், நான்கு துறையினரும் ஒரே நாளில் வர வேண்டும். இந்த நகரத்தில் நான்கு துறையும் கடைசியாக ஒரே நாளில் கூடியது..." விட்டத்தைப் பார்த்து யோசித்தார். "கூடியதில்லை. நாளைக் குறித்துக்கொண்டு வாருங்கள். நான் ஓய்வு பெறுவதற்குள் வந்தால் சந்தோஷம்."

வாசலில் அதே வாயிற்காவலர் தம் கூண்டுக்குள் நிரம்பி உட்கார்ந்திருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததுமே, "பதினேழா போட்டாரு?" என்றார்.

"எப்படிண்ணே தெரியும்?"

"பிடிக்காதவங்களுக்கெல்லாம் அதுதான் போடுவாரு." டீ கிளாசுக்கு அடியிலிருந்து ஒரு புத்தகத்தை உருவினார். அட்டையில் வட்ட வட்டமாக டீக் கறை. "ஆனா பதினேழை அவரு முழுசாப் படிச்சதில்ல."

"அவருதானே எழுதினாரு?"

"எழுதினவங்க எங்கம்மா படிக்கறாங்க? நான் படிச்சிருக்கேன். கேட்ல உக்காந்துகிட்டு வேற என்ன பண்றது? இதைக் கேளுங்க. 'ஆய்வின்போது, ஊர்வலத்தில் செல்லவிருக்கும் ஆட்கள், பொருள்கள், ஒலி எழுப்பும் கருவிகள் அனைத்தும், அதே பாதையில், அதே வரிசையில், அதே வேகத்தில் சென்று காட்டப்பட வேண்டும். அனுமதி அலுவலர் உடன் நடந்து செல்ல வேண்டும்.'"

கடைசிப்பிடி இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தார்.

"அண்ணே... அப்ப ஆய்வுன்னா..."

"அதேதான்."

"ஆய்வு பண்ணினா அது ஊர்வலம் ஆகாது."

"விதி மூணு, உட்பிரிவு இ."

"அனுமதியே வேண்டாம்!"

முறுக்கிக் கிடந்த விரிப்பு, ஒரு நுனியைப் பிடித்து இழுத்ததும் பொலபொலவென்று அவிழ்ந்து வெளியே கொட்டுமே, அப்படி ஒரு சிரிப்பு அவளுக்கு வந்தது. காவலருக்கும் வந்தது. கூண்டு ஆடியது.

"ஆனா நாலு துறையும் வரணுமேண்ணே?"

"பதினோரு வருஷத்துல நாங்க யார் யாரை மண்ணைக் கவ்வ வச்சோம்னு நெனச்சுப் பாருங்கம்மா. போலீசு நாலு தடவ. தீயணைப்பு மூணு. கரண்டுக்காரங்க, தண்ணிக்காரங்க ரெண்டு ரெண்டு. ஒவ்வொருத்தர்கிட்டயும் போய் இவரு கைகுலுக்கி என்ன சொன்னாருன்னு அவங்களையே கேளுங்க."

கேட்டாள். தீயணைப்பு நிலையத் தலைவர் ஆறடி உயரம், மீசை தனி. "என்ன சொன்னாரா? 'தீயை அணைப்பது எளிது போலும்'னாரு! மூணு வருஷம், அதே வசனம்! ஞாயித்துக்கிழம எனக்கு டூட்டி, அவரு சேத்துல வந்ததை என்னால பாக்க முடியல. மனசே ஆறல."

"வெள்ளிக்கிழம பத்து மணிக்கு வந்தீங்கன்னா..."

"ஒம்போதுக்கே வர்றோம். வண்டியோட வரலாமா?"

"தாராளமா."

"சைரன்?"

"ஒலி எழுப்பற கருவி எதுன்னாலும் ஆய்வு பண்ணியாகணுமாங்க ஐயா."

மீசைக்கு அடியில் பல் தெரிந்தது.

புதன்கிழமை மாலை, நான்கு துறைகளின் சம்மதக் கடிதமும் முத்திரையோடு அலுவலர் மேசைக்குப் போய்ச் சேர்ந்தன. அவர் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்ததாகக் காவலர் சொன்னார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குச் சலவைக்கூட வாசலில் தெரு கொள்ளவில்லை. தீயணைப்பு வண்டி பளபளவென்று கழுவி நின்றது. ஏணி வண்டியோடு மின்சாரம். குழாய் திறக்கும் இரும்புச் சாவியைத் தோளில் வைத்துக்கொண்டு குடிநீர். துணி தள்ளும் வண்டியில் வெள்ளை விரிப்பு மடித்துப் போட்டு அதன் மேல் கோப்பை. அதைத் தள்ளும் பொறுப்பை போலீஸ்காரர் தானே கேட்டு வாங்கிக்கொண்டார். 'பாதுகாப்பு' என்றார். எட்டுப் பெண்களும் கஞ்சி போட்ட சீருடையில் கயிற்றைப் பிடித்து நின்றார்கள்.

அலுவலர் ஜீப்பில் வந்து இறங்கினார். கையில் அட்டை, அட்டையில் காகிதம். பின்னால் காவலர், கையில் விதிப்புத்தகம்.

"இது ஆய்வு" என்று அலுவலர் பொதுவாக அறிவித்தார். "யாரும் மகிழ வேண்டாம்." பிறகு குனிந்து பார்த்து முகம் மலர்ந்தார். "ஆ! கயிற்றின் மறுமுனை தரையில் உரசுகிறது. விதி பன்னிரண்டுக்கு முரண். ஆய்வை இத்துடன்..."

"ஐயா, பன்னிரண்டுல மீதியும் இருக்குங்க" என்றார் காவலர். "'துணி, கயிறு, சங்கிலி எதுவும் தரையில் உரசும் பட்சத்தில், ஆய்வின்போது அனுமதி அலுவலர் அதைத் தம் கையால் தூக்கிப் பிடித்துச் சரிபார்க்க வேண்டும்.'"

"இதை யார் எழுதியது?"

காவலர் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். "உங்க கையெழுத்துதாங்க ஐயா."

அலுவலர் அட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கயிற்றின் நுனியை இரண்டு விரலால் தூக்கினார்.

"இழு!" என்றாள் கடைசிப்பிடி.

இரண்டு விரல் போதவில்லை என்பது நாலாவது அடியிலேயே தெரிந்துவிட்டது. இரண்டு கையாலும் பிடித்தார். எட்டுப் பெண்களும் இடது, வலது என்று தாளம் தவறாமல் பின்னால் போனார்கள். கயிறு போன வேகத்துக்கு அவர் ஓட்டமும் நடையுமாக முன்னால் வந்தார். சைரன் ஊதியது. ஏணி வண்டி ஹாரன் அடித்தது. குடிநீர்க்காரர்கள் இரும்புச் சாவியால் வாளியைத் தட்டினார்கள். ஆஸ்பத்திரி ஜன்னல்களிலிருந்து நோயாளிகள் தலையணை உறையை ஆட்டினார்கள். மாவுக்கட்டுப் போட்ட ஒருவர் கட்டையே ஆட்டினார்.

"கூட்டம் சேராதீர்கள்! இது ஆய்வு! ஆய்வு!" என்று அலுவலர் கத்தினார்.

"ஆய்வு! ஆய்வு!" என்று கடைக்காரர்கள் கைதட்டிக்கொண்டு பின்னால் சேர்ந்துகொண்டார்கள். "ஆய்வு வாழ்க!"

நகராட்சி அலுவலகத்தைக் கடக்கும்போது ஜன்னலுக்கு ஐந்து குமாஸ்தா நின்றார்கள். அவர்களைப் பார்க்காமல் இருப்பதற்காக அலுவலர் வானத்தைப் பார்த்தார். பார்த்தவர் குழியில் இறங்கினார். ஏறி, அடுத்ததில் இறங்கினார். பதினோரு வருஷமாக ஜீப்பில் உட்கார்ந்து ஆய்வு செய்த குழிகள் எல்லாவற்றையும் அன்றுதான் அவர் நேரில் சந்தித்தார்.

"தலை எது, வால் எதுன்னு இப்பத் தெரியுதுங்களா ஐயா?" என்று கயிற்றின் முதல் ஆளான இஸ்திரிக்காரி, அவர் முகத்துக்கு நேராக, அக்கறையோடு விசாரித்தாள்.

கடைத்தெரு வந்தது. கடைசிப்பிடி பக்கவாட்டில் கண்ணை ஓட்டினாள். பின்னால் நடப்பவளுக்கு வரப்போவது தெரியாது, தாண்டிப் போனது மட்டும்தான் கண்ணில் படும். பழக்கடை போனது. மருந்துக்கடை போனது. தன் வீட்டு வாசல் போனது. இப்போது ஜன்னல் தெரிய வேண்டும். அண்ணாந்து பார்த்தாள்.

நாற்காலி காலி.

அலுவலரும் பார்த்துவிட்டார். அன்று முதல் தடவையாக அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. கயிற்றோடு இழுபட்டுக்கொண்டே, பிளாஸ்திரி பிரியும் அளவுக்குச் சிரித்தார்.

கடைசிப்பிடி தாளம் தவறினாள். நாளைக் காலையில் கோப்பை போய்விடும். நான்கு துறையும் இனி எந்த ஜென்மத்தில் கூடும்? ஊரே சிரிக்கிறது, கேட்ட ஒரே ஆள் ஜன்னலில் இல்லை. "நில்லுங்கடி" என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் தெருவுக்கே தூக்கிவாரிப் போட்டது போல ஒரு குரல்.

"ஆட்சேபணை!"

ஜன்னலில் மாமியார். ஒரு கையில் சீப்பு, மற்றதில் மூக்குக்கண்ணாடி. முகத்தில் ஒரு பக்கம் மட்டும் பவுடர்.

"இதுக்குள்ள தாண்டிட்டீங்களாடி? கண்ணாடிலேர்ந்து நாற்காலிக்கு வர என் முட்டி ஒத்துழைக்க வேணாமா? நான் ஒண்ணுமே பாக்கல. ஆட்சேபணை!"

"ஆய்வு முடிந்தது!" என்றார் அலுவலர் அவசரமாக.

காவலர் புத்தகத்தைத் திறந்தார். அவருக்குப் பக்கம் தேட வேண்டியிருக்கவில்லை. "விதி பத்தொன்பதுங்க ஐயா. 'பாதையோரம் குடியிருப்போர் எவரேனும் ஆட்சேபணை தெரிவித்தால், அதை அவ்விடத்திலேயே தீர்த்த பின்னரே ஆய்வு முடிந்ததாகக் கருதப்படும்.'" மேலே பார்த்து, "என்னம்மா ஆட்சேபணை?" என்று உரக்கக் கேட்டார்.

"என் ஜன்னல் வழியா எதுவும் போனதா எனக்குத் தெரியல. தெரியாத ஊர்வலத்துக்கு நான் எப்படிச் சம்மதிக்கறது? திரும்பக் காட்டச் சொல்லு!"

"போதும்மா, பாத்தாச்சும்மா, விடுங்கம்மா!" என்றார் அலுவலர். அவர் வாயில் உட்பிரிவு இல்லாமல் ஒரு வாக்கியம் வந்ததை ஊர் அன்றுதான் கேட்டது.

விடவில்லை. மொத்த ஊர்வலமும், மன்னிக்கவும், ஆய்வும், தெருமுனைக்குத் திரும்பிப் போனது. திரும்பும்போது எட்டுப் பெண்களும் அவரை நோக்கி வந்தார்கள். ஒரு நிமிஷம் தானே இழுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டார் போல, நடையில் லேசாக ஒரு மிடுக்கு வந்தது. தெருமுனை வரைக்கும்தான்.

"இழு!"

பழக்கடை. மருந்துக்கடை. தன் வீட்டு வாசல். கடைசிப்பிடி அண்ணாந்தாள்.

மாமியார் நாற்காலியை ஜன்னலோடு ஒட்டிப் போட்டு, இடுப்பு வரை வெளியே தெரிய உட்கார்ந்திருந்தார். மூக்குக்கண்ணாடி மூக்கில். முதலில் கோப்பையைப் பார்த்தார். பிறகு மருமகளைப் பார்த்து ஒரு தடவை தலையை அசைத்தார், விரிப்பு வெள்ளையாக வந்திருந்தால் அசைப்பாரே, அந்த மாதிரி. பிறகு வரிசையின் கடைசிக்குப் பார்வையைக் கொண்டுபோய், வலது கையை உயரத் தூக்கி, முழங்கை வரைக்கும் ஆட்டினார்.

அலுவலர் பார்த்தார். பார்க்கக் கூடாது என்றுதான் இருந்திருப்பார். ஆனால் பதினோரு வருஷப் பழக்கம் ஆளைக் கேட்டா வருகிறது? அந்த ஜன்னலுக்கு நேராக வந்ததும் கழுத்து தானாக நிமிர்ந்தது. கயிற்றை விட்டு ஒரு கை தானாக எழுந்து ஆடியது. ஆடிய பிறகுதான் அது தன் கை என்று அவருக்குத் தெரிந்தது.

தெரு முழுக்க விசிலடித்தது. கடைசிப்பிடிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. துடைக்கக் கையில்லை, கயிறு இருந்தது.

"சந்தோஷமா அத்தை?" என்று கத்தினாள்.

மாமியார் கொஞ்சம் யோசித்தார். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"எல்லாம் சரிதான்டி. ஆனா வெயில் கண்ணுல அடிச்சுது, அவன் மூஞ்சி சரியாத் தெரியல." ஜன்னல் கம்பியைத் தட்டினார். "ஆட்சேபணை ரெண்டு!"

காவலர் பக்கத்தில் விரலை வைத்துத் தயாராக நின்றார். அலுவலர் அவரைக் கேட்கவே இல்லை. கயிற்றின் நுனி தரையில் உரசாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தெருமுனையைப் பார்த்து நடந்தார்.